ராஜபாயின் பெயரைச் சுரண்டியது யார்?

“செத்தவ பேரச் சுரண்டினது நானாக்கும்னு ஊரு முழுக்கப் பறையுதானுவ சாரே,” என்றார் ஞானசிங்.

உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. தோள்துண்டால் கழுத்தைத் துடைத்தபடியே நின்றார். பங்குனிப் புழுக்கம் ஒரு காரணம். அவமானம் இன்னொரு காரணம்.

துப்பறியும் குமாரதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திருவிதாங்கூர் போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான வருஷம் காக்கியைக் கழற்றிவிட்டு, நாகர்கோவிலில் ஒரு தையற்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவர்.

“நின்னா வெயர்க்கத்தான் செய்யும். இரியும். இருந்து, முதல்ல இருந்து சொல்லும்.”

ஞானசிங் சொன்ன கதை இது. மேற்கே புன்னைவிளை என்ற சிறு பட்டணம். அதன் நகரசபையில் அவர் கவுன்சிலர். பெரிய மரக்கடையும் வைத்திருக்கிறார். சந்தைக்குப் பின்னால் நகரசபைக்குச் சொந்தமான ஓட்டு வீடுகள் ஒரு வரிசையாக நிற்கின்றன. முன்பு சிப்பந்திகளுக்காகக் கட்டியவை. அவற்றை இடித்துக் கடைகள் கட்டினால் நகரசபைக்கு வருமானம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான். மற்ற வீடுகளைக் காலிசெய்தாகிவிட்டது. கடைசி வீட்டில் மட்டும் லீலாபாய் என்ற விதவை இருக்கிறாள். அவளை அங்கிருந்து எழுப்ப முடியாது.

“ஏன் முடியாது?”

“யுத்தகாலத்துல எங்க ஊர்ல வாந்திபேதி வந்துது சாரே. பெத்த பிள்ளையத் தாய் தொடமாட்டா, அப்படி ஒரு பயம். ஓலைக்கொட்டகை போட்டு எல்லாரையும் அதுல கொண்டு தள்ளினாவ. அங்க கெடந்து வாரிக்கொட்டினவ இந்த லீலாபாய். நகரசபை ஆயா. அதுலயே அவளுக்க மாப்பிள்ளையும் போனாரு. அன்னைக்கு இருந்த சபை, லீலாபாயுக்க ஆயுள் உள்ளவரை வாடகை இல்லாம அந்த வீட்டுல இருக்கலாம்னு தீர்மானம் போட்டுட்டு.”

“நல்ல தீர்மானம்.”

“நல்லதுதான். இப்பக் கடைக்குக் குறுக்க நிக்கி.”

லீலாபாயின் தங்கை ராஜபாய். கல்யாணம் ஆகாதவள். அக்காளோடேயே இருந்தாள். போன ஐப்பசியில் மிஷன் ஆஸ்பத்திரியில் காசநோயால் இறந்துபோனாள். புன்னைவிளைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. அவள் தலைமாட்டில் நட்ட மரச்சிலுவையில் எழுதியிருந்த பெயரை யாரோ சுரண்டிவிட்டார்கள். சர்ச்சில் மறுபடி எழுதிக்கொடுத்தார்கள். மறுபடியும் சுரண்டப்பட்டது. இப்போது மூன்றாம் முறை.

“அக்காளப் பயமுறுத்தி எழுப்புததுக்கு நான் ஆள்விட்டுச் சுரண்டுதேனாம். சர்ச்சுல என் பக்கத்துல ஒருத்தனும் இரிக்கமாட்டேங்கான் சாரே.”

ஜன்னலோரம் நின்றிருந்த நேசையன் தொண்டையைச் செருமினான். குமாரதாசின் உதவியாளன். முன்னாள் பஸ் கண்டக்டர். வாய்த்துடுக்கால் வேலை போனது. வேலை போன பிறகும் வாய் போகவில்லை.

“மரம் அறுக்குத கைக்கு மரத்தச் சுரண்டத் தெரியாதான்னு நான் கேக்கமாட்டேன் அண்ணாச்சி. ஆனா ஊர்ல கேப்பாவ.”

ஞானசிங் அவனை முறைத்துவிட்டுக் குமாரதாசிடம் திரும்பினார். “கடைக்கு ஆசப்பட்டது மெய்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா செத்தவ பேரத் தொடுத அளவுக்குக் கெட்டுப்போகல. எங்க அம்மயும் அந்தத் தோட்டத்துலதான் கெடக்கா. அதனால என் செலவுல கருங்கல்லு வாங்கி, ராஜபாயின்னு பேரு வெட்டச் சொல்லியிருக்கேன். ஞாயிறாழ்ச்ச வச்சிருவாவ. கல்லுல வெட்டினத எவன் சுரண்டுதான்னு பாப்போம். அதுக்கு முன்ன சனியாழ்ச்ச சபை கூடுது. அன்னைக்கு அங்க வந்து, ஞானசிங் இல்ல, இன்னவனாக்கும்னு நீங்க சொல்லணும்.”

“நீராக இருந்தா?”

“நான்தான்னு சொல்லிட்டுப் போங்க,” என்றார் ஞானசிங்.

அவர் படியிறங்கிப் போன பிறகு நேசையன் சொன்னான்: “கள்ளன் இவ்வளவு நல்லாப் பேசமாட்டான் சாரே.”

“நல்லாப் பேசுதவன் கள்ளனா இருக்கமாட்டானா?”

“அப்படின்னா நான்தான் முதல் கள்ளன்.”

மறுநாள் காலை இருவரும் புன்னைவிளையில் இறங்கினார்கள். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வடக்கே, செம்மண் மேட்டில் இருந்தது. சுற்றிலும் கொல்லாமரங்கள் என்ற முந்திரி மரங்கள். கீழே வயல்.

“கடைசி ஸ்டாப்பு சாரே,” என்றான் நேசையன் வாசலில் நின்று. “இதுக்கு மேல வண்டி போகாது. எல்லாரும் எறங்கணும்.”

குழிவெட்டும் ரத்தினம் அவர்களைச் சிலுவையிடம் கூட்டிக்கொண்டு போனான். கறுப்பு பெயிண்ட் அடித்த மரச்சிலுவை. அதில் வெள்ளை எழுத்து. மேல்வரியில் பெயர் இருந்த இடம் மட்டும் வெறும் மரமாகத் தெரிந்தது. அதன் கீழே இறந்த தேதியும், கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்ற வரியும் அப்படியே இருந்தன.

“என்ன தெரியுது நேசையா?”

“ஒரு பேரக் காணோம்.”

“வேற?”

“வேற எல்லாம் இருக்கு.”

“அதாக்கும் விசேஷம்.” குமாரதாஸ் குனிந்தார். “பயமுறுத்த வந்தவன் என்ன செய்வான்? சிலுவையப் பிடுங்கி வயல்ல எறிவான். ஒரு சவிட்டுச் சவிட்டினாலே ரெண்டாப் போயிரும். இவன் பேர மட்டும் எடுத்திருக்கான். தேதியில ஒரு கீறல் இல்ல. இனி மண்ணப் பாரு.”

சிலுவையின் முன் மண்ணில் இரண்டு குழிவுகள் அடுத்தடுத்து இருந்தன. நேசையன் உட்கார்ந்து பார்த்தான். பிறகு தன் முழங்கால்களை அந்தக் குழிவுகளில் வைத்துப் பார்த்தான். பொருந்தின.

“முழங்கால் போட்டாக்கும் சுரண்டியிருக்கான். ஜெபம் பண்ணிட்டு அக்கிரமம் பண்ணுத ஆளுன்னா நாம கவுன்சிலர்மாரத் தேடப்பிடாது சாரே. டீக்கன்மாரத் தேடணும்.”

குமாரதாஸ் சிரிக்கவில்லை. சிலுவையின் அடியில் கல் ஒன்றின் கீழே மடித்து வைத்திருந்த பூவரசிலையை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளையும் கறுப்புமாகத் தூள். சுரண்டி எடுத்த பெயிண்ட். ஒரு துணுக்கும் மண்ணில் சிதறாமல் கூட்டி எடுத்து, மடித்து, காற்றில் பறக்காதபடி கல்லும் வைத்திருந்தார்கள்.

“எதிரி இப்படிச் செய்வானா?”

நேசையன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான்.

“ரத்தினம், அடக்கத்தன்னைக்கு நீ இருந்தியா?” என்று கேட்டார் குமாரதாஸ்.

“நான் இல்லாம பின்ன ஆரு சாரே மண்ணு தள்ளுவா? பெட்டியத் தெறக்கல. நெஞ்சுநோவு, ஒட்டிப்போவும்னு போதகர் சொல்லிட்டாவ. பெட்டிய எறக்கும்போ அந்த அம்ம அலறிக்கிட்டுக் குழிப்பக்கம் ஓடிவந்தா. நான் எத்தனையோ அடக்கம் பாத்தாச்சு, அப்படி ஒரு அழுகை கேட்டதில்ல. அதுக்குள்ள தெருக்காரி சொர்ணம்மாள் பாய்ஞ்சு பிடிச்சு, முந்தானையால வாயப் பொத்தி, இழுத்துட்டுப் போயிட்டா.”

“வாயப் பொத்தினாளா? ஏன்?”

“எனக்கறியாது. குழிக்கரையில வச்சு அழவிடாம வாயப் பொத்தினவள நான் அன்னைக்குத்தான் கண்டேன்.”

திரும்பி நடக்கும்போது குமாரதாஸ் சொன்னார்: “நமக்கு இந்த ஒண்ணு போதும். சொர்ணம்மாள் அந்த வாய ஏன் பொத்தினா?”

சொர்ணம்மாள் லீலாபாய் வீட்டுக்கு எதிரே மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் விற்றுக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, உரத்த குரல். இரண்டு பேருக்கும் இலை போட்டு, கேட்காமலே கறியை ஊற்றினாள். பக்கத்துப் பெஞ்சில் பகவதியப்பன் என்ற வண்டிக்காரர் கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“எதிர்வீட்டுல ஆரு தாமசம்?” என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார் குமாரதாஸ்.

“அதா? ஒரு பாவப்பட்ட அம்ம,” என்றார் பகவதியப்பன்.

“பேரு?”

“அவிய நகரசபையில வேல பாத்தாவ.”

“பேரு கேட்டேன்.”

பகவதியப்பன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, மாடு கட்டவேண்டும் என்று எழுந்து போனார். தெருமுனையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த பெண்ணிடம் நேசையன் கேட்டான். “அந்த அக்கா வீடு” என்றாள். கொல்லன் பட்டறையில் கேட்டான். “கடேசி வீட்டு அம்ம” என்றார்கள். நேசையன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

“அரிசிக்கும் சீனிக்கும் ரேஷன் போட்டது அறிவேன் சாரே. இந்தத் தெருவுல பேருக்கும் போட்டிருக்காவ போல.”

குமாரதாஸ் இலையை மடித்தார். “சொர்ணம்மா, நான் போலீஸ் இல்ல. ஒரே ஒரு கேள்விதான். அடக்கத்தன்னைக்கு நீ அவிய வாயப் பொத்தின. என்ன சொல்லி அழுதாவ?”

சொர்ணம்மாளின் கையிலிருந்த அகப்பை கறிச்சட்டிக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“கேக்காதீங்க சாரே.”

“சொர்ணம்மா...”

“உங்களுக்குக் கும்பிடு. தின்னதுக்குத் துட்டுகூட வேண்டாம். எழும்பிப் போங்க.”

அந்த உரத்த குரல் எங்கோ போய்விட்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதத் தொடங்கினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

தெருவில் இறங்கியதும் நேசையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எனக்கு வெளங்கியாச்சு சாரே. சுரண்டுதது அந்த லீலாபாயேதான். ஞானசிங் தலையில பழியப் போட்டா, சபையில கவுன்சிலர்மார் அனுதாபப்பட்டு வீட்ட விட்டுருவாவ. தெருக்காரங்க எல்லாம் கூட்டு. அதான் வாய மூடிட்டு நிக்காவ. எப்படி?”

“பாதி சரி.”

“பாதி டிக்கட்டு பிள்ளைகளுக்குத்தான் சாரே. எந்தப் பாதி?”

“வா,” என்றார் குமாரதாஸ். அவர் குரலில் உற்சாகம் இல்லை.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கலாம். வெள்ளைப் புடவை, தலையை மூடிய முந்தானை. இவர்கள் யாரென்று தெரிந்ததும் அவள் கை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டது. விரல் நகங்களின் அடியில் கறுப்பு பெயிண்ட் ஒட்டியிருந்தது. நேசையன் அதைப் பார்த்துவிட்டான்.

“நாங்க கல்லறைத் தோட்டத்துல இருந்து வாறோம்,” என்றான். “சிலுவையச் சுரண்டினது நீங்கதானே?”

அவள் மறுக்கவில்லை. “நான்தான்,” என்றாள்.

இத்தனை சுலபமாக வரும் என்று நேசையன் நினைக்கவில்லை. “ஞானசிங்க மாட்டிவிடுததுக்கா?”

“அய்யோ, அவரு பேரு இதுல எப்படி வந்துதுன்னு எனக்கறியாது. நான் ஒருத்தர்ட்டயும் அவரச் சொல்லல.”

“பின்ன எதுக்கு? சொந்தத் தங்கச்சிக்க பேர...”

“நேசையா, போதும்,” என்றார் குமாரதாஸ். அவர் உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். “ஞானசிங்க மாட்டிவிட நெனச்சிருந்தா இவிய எல்லாத்தையும் சுரண்டியிருப்பாவ. ஒருத்தருக்குக் கேடு செய்யுதவ சுரண்டின தூளப் பெறக்கி இலையில மடிச்சு வைக்கமாட்டா. தேதி சரி, அதத் தொடல. வசனம் சரி, அதையும் தொடல. பேரு மட்டும்தான் அங்க தப்பு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஊருல ஒருத்தரும் உங்களப் பேரு சொல்லிக் கூப்பிடமாட்டேங்காவ. பொய்ப்பேரு சொல்ல அவியளுக்கு நாக்கு வரல. மெய்ப்பேரு சொன்னா உங்க வீடு போயிரும். அன்னைக்குக் குழிக்கரையில நீங்க ‘அக்கா’ன்னு அழுதிருப்பிய. அதாக்கும் சொர்ணம்மாள் வாயப் பொத்தினது. அம்மா, அங்க அடக்கம் பண்ணினது லீலாபாய இல்லியா? நீங்கதானே ராஜபாய்?”

அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். நேசையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அந்தப் பேர ஒருத்தர் வாயால கேட்டு எத்தனை காலமாச்சு,” என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். கொட்டகையில் நோயாளிகளோடு கிடந்ததிலிருந்தே அக்காளின் உடம்பு தேறவில்லை. கடைசி வருஷங்களில் படுக்கைதான். தெருவுக்கு வெளியே யாரும் அவளைப் பார்த்ததில்லை; தங்கைக்கும் அதே முகச்சாயல். ராஜபாய்தான் சமைத்தாள், துவைத்தாள், துப்பும் கோளாம்பியைக் கழுவினாள். இரண்டு இடத்திலிருந்து கல்யாணம் பேசி வந்தார்கள். அக்காளை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெற்றவர்கள் இல்லை, வேறு கூடப்பிறந்தவர்களும் இல்லை.

“ஆஸ்பத்திரியில சேக்கப் போனோம் சாரே. நர்ஸ் பேரு கேட்டாவ. நான் வாயத் தெறக்குததுக்கு முன்ன அக்கா ‘ராஜபாய்’னு சொல்லிட்டா. நான் தெகச்சுப் போய் நின்னேன். வராந்தாவுல வச்சுக் கேட்டேன், ஏன் அக்கா இப்படின்னு. ‘நான் இனி எழும்பமாட்டேன் மக்கா. லீலாபாய் செத்தா அன்னைக்கே உன்ன எறக்கி விட்டுருவானுவ. நீ எங்க போவ? ராஜபாய் சாகட்டும். லீலாபாய் அந்த வீட்டுல இரிக்கட்டும். அது நான் பீயும் மூத்திரமும் வாரிச் சம்பாதிச்ச வீடு. எனக்கு இஷ்டப்பட்டவளுக்குக் குடுப்பேன்’னா. நான் கெடந்து அழுதேன். கேக்கல.”

“கடைசியில பக்கத்துல இருந்தியளா?”

அவள் தலையை அசைத்தாள், இல்லையென்று.

“நகரசபை ஓவர்சியர் வீடு அளக்க வருவாவ, லீலாபாய் வீட்டுல இல்லன்னா பூட்டிருவாவன்னு சொன்னாவ. நான் இஞ்ச அக்காளுக்க வெள்ளப் பொடவையக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஓவர்சியர் அன்னைக்கு வரவே இல்ல. அக்கா அங்க மரிச்சுப் போனா.”

வெளியே ஒரு மாட்டுவண்டி போயிற்று.

“சொர்ணம்மாள் பொத்தினது நல்லதுக்குத்தான். அதுக்குப் பெறகு ‘தங்கச்சி, என் தங்கச்சி ராஜபாயே’ன்னு அழுதேன் சாரே. எனக்க பேரச் சொல்லி நானே அழுதேன். அக்காளுக்குன்னு ஒருவாய் அழல. ஞாயிறாழ்ச்ச சர்ச்சுக்குப் போய்ட்டு அந்தப் பக்கமாப் போனா, எனக்க பேரு அங்க எழுதியிருக்கு. ஊரெல்லாம் தூக்கி எறிஞ்சவங்களத் தூக்கிவச்சவ சாரே எங்க அக்கா. அவளுக்குன்னு ஒரு எழுத்து இல்ல. என்னால சகிக்க முடியல. விடியறதுக்கு முன்ன போய்ச் சுரண்டினேன். வேற பேரு எழுத முடியாது. அதையாவது எடுத்துரலாம்னு...”

நேசையன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நான் கேட்டது தப்பு அக்கா.”

குமாரதாஸ் எழுந்தார். “ஞானசிங் சுரண்டினாரா, அதாக்கும் எங்கிட்ட வந்த கேள்வி. சபையில வந்து இல்லன்னு சொல்லுவேன். பின்ன ஆருன்னு கேட்டா எனக்கறியாது. கேஸ் முடிஞ்சு.”

“கல்லு வருதே சாரே,” என்றாள் ராஜபாய். “மரத்துல எழுதினதுன்னா சுரண்டுவேன். கல்லுல வெட்டினா நான் என்ன செய்ய?”

“ஞானசிங்கிட்டப் பேசிக் கல்ல நிறுத்தலாம்.”

“நிறுத்தலாம். அவளுக்குப் பேரு வருமா?”



சனிக்கிழமை காலை நகரசபை கூடியது. சேர்மன் நாராயணபெருமாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். தீர்மானத்தைப் படித்ததும் ஞானசிங் எழுந்து, தன்மேல் வந்த பழியைப் பற்றி முதலில் பேசவேண்டும் என்றார். குமாரதாசைக் கூப்பிட்டார்கள்.

“ஞானசிங் சுரண்டல. அவரு ஆளு விடவும் இல்ல,” என்றார் குமாரதாஸ்.

“பின்ன ஆரு?” என்றார் சேர்மன்.

குமாரதாஸ் வாயைத் திறக்குமுன் வாசலில் சலசலப்பு. ராஜபாய் வந்து நின்றாள். பின்னால் சொர்ணம்மாள், அவளைத் தடுத்துப் பார்த்துத் தோற்றுப்போனவளாக, அழுதுகொண்டே நின்றாள். ராஜபாய் வெள்ளைப் புடவை கட்டியிருக்கவில்லை. பெட்டியடியில் மடிந்து கிடந்த ஒரு நீலப் புடவை. தலையில் முந்தானை இல்லை.

“நானாக்கும் சுரண்டினது,” என்றாள். “எனக்க பேரு ராஜபாய். உங்க சபை வீடு குடுத்த லீலாபாய் போன ஐப்பசியில மரிச்சுப்போனா. பேர மாத்தி இத்தனை நாளு அந்த வீட்டுல இருந்தது குற்றம்தான். என்ன செய்யணுமோ செய்யுங்க. நாளைக்கு வைக்குத கல்லுல மட்டும் எங்க அக்கா பேர வெட்டச் சொல்லணும். அதுக்காக்கும் வந்தேன்.”

மின்விசிறி இல்லாத அந்தக் கூடத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்த ஓலை விசிறிகள் நின்றுபோயின.

முதலில் பேசியவர் ஞானசிங். “சேர்மன் அவிய மன்னிக்கணும். எனக்க தீர்மானத்த நான் திரும்ப எடுத்துக்கிடுதேன். கடை எனக்கு வேண்டாம்.”

“தீர்மானம் இப்ப உமக்குள்ளது இல்ல வோய், சபைக்குள்ளது,” என்றார் நாராயணபெருமாள். அவர் கொடியவர் இல்லை. குரல் அவருக்கே பிடிக்காததுபோல் இருந்தது. “லீலாபாயுக்க ஆயுள் உள்ளவரைன்னு பழைய தீர்மானம். அந்த ஆயுள் முடிஞ்சு. இன்னைக்கு இவளுக்கு விட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் வருவான். வழக்கு வேண்டாம், அது என் பொறுப்பு. வீட்ட எடுக்கணுமா வேண்டாமா, கை தூக்குங்க.”

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பலசரக்குக் கடைக்காரர் சுயம்பு கவுன்சிலரும் அங்கே இருந்தார். வாந்திபேதி வந்த வருஷம் அவரும் அந்தக் கொட்டகையில் கிடந்தவர். லீலாபாய் வாயில் கஞ்சி ஊற்றிப் பிழைத்தவர். ஊருக்கே தெரியும். அவர் ராஜபாயைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடியே கையைத் தூக்கினார். ஞானசிங்கும் இன்னும் இருவரும் மட்டும் தூக்கவில்லை.

வீடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வைக்கவேண்டிய கல் நான்கு நாள் தாமதமாகத்தான் வந்தது. ஞானசிங் முதலில் வெட்டிய கல்லைத் திருப்பி அனுப்பி, வேறு கல்லில் லீலாபாய் என்று வெட்டி வாங்கினார். கல் நட்ட அன்றைக்குப் போதகர் வந்து மறுபடி ஒரு ஜெபம் நடத்தினார். தெரு முழுதும் வந்து நின்றது. சுயம்பு கவுன்சிலரும் வந்தார். கடைசி வரிசையில் நின்றுவிட்டு, ஜெபம் முடியுமுன் போய்விட்டார்.

“எனக்க வீட்டுக்கு வாட்டி, ரெண்டு பேரும் கெழங்கு அவிச்சுப் பொழைப்போம்,” என்று சொர்ணம்மாள் கெஞ்சினாள். ராஜபாய் கேட்கவில்லை. அந்த வீடு இடிபடுவதை எதிரேயிருந்து பார்க்க அவளால் முடியாது.

மிஷன் ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் வார்டுக்கு ஆயா தேடுகிறார்கள் என்று குமாரதாஸ் விசாரித்து வைத்திருந்தார். அந்த வார்டு என்றதும் அவள் தயங்குவாள் என்று நினைத்தார். “அக்கா செய்த வேலைதானே சாரே, எனக்கும் வரும்,” என்றாள்.

மூவரும் பஸ்ஸில் போனார்கள். திருவட்டாறு தாண்டும்வரை நேசையன் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் அவனுக்குப் பழைய சிநேகிதன். “என்னலே, நாக்கு அடகுல இருக்கா?” என்று கேட்டான். இறங்கும்போது ராஜபாயின் தகரப்பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான்.

வார்டு வராந்தாவில் செசிலி நர்ஸ் மருந்துக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வயதானவள். ராஜபாயைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கினாள்.

“நீ லீலாபாய் அல்லியா? ராஜபாயுக்க அக்கா? அடக்கத்துக்குப் பெட்டி கொண்டுபோக வந்தியே.”

“நானாக்கும் சிஸ்டர் ராஜபாய். இஞ்ச மரிச்சது எங்க அக்கா லீலாபாய். வீட்டுக்காக வேண்டி, அவதான் பேர மாத்திச் சொன்னா.”

செசிலி நர்ஸ் குப்பியைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“அப்பம் அது ஜன்னி இல்லியா?” என்றாள் தனக்குள்.

“எது சிஸ்டர்?”

நர்ஸ் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள்.

“கடைசி ராத்திரி நான்தான் கூட இருந்தேன். ‘தங்கச்சி வந்தாளா, தங்கச்சி வந்தாளா’ன்னு வாசலப் பாத்துக் கேட்டுக்கிட்டே கெடந்தா. ஜன்னியில பினாத்துதான்னு நெனச்சு நான் சத்தம் போட்டேன். ‘உனக்கு ஏதுட்டி தங்கச்சி, நீதானே எளையவ, அக்கா நாளைக்குக் காலத்த வருவா, பேசாம ஒறங்கு’ன்னேன். அவ என்னைய ஒருமாதிரிப் பாத்தா. பெறகு பையச் சிரிச்சா. ‘ஆமா சிஸ்டர், மறந்துட்டேன், நான்தான் எளையவ’ன்னா. அதுக்குப் பெறகு ஒண்ணும் கேக்கல.”

ராஜபாய் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது. செசிலி நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். நேசையன் பெட்டியை இறக்கிவைக்க மறந்து தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான். குமாரதாஸ் முற்றத்துக்கு இறங்கி, அங்கிருந்த மாமரத்தைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே யாரோ இருமினார்கள். இருமல் நிற்காமல் நீண்டது. பிறகு ஒரு பெண்குரல், மிகவும் பலவீனமாக, தண்ணீர் கேட்டது.

செசிலி நர்ஸ் எழுந்திருக்கப் போனாள்.

“நீங்க இரிங்க சிஸ்டர்,” என்றாள் ராஜபாய். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலோரப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.